பங்காளிகளான அந்நியர்: சென்னையின் பழைய அடுக்ககங்களும் ‘பிரிபடாத பாகம்’ என்னும் சொல்லும்

ஹட் பேயில் பணி ஓய்வை நெருங்கும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு: சென்னைப் புறநகரில் பழைய ஃப்ளாட் ஒன்றை வாங்கிப்போடலாமா என்பதே அது. பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் மருத்துவம் என்று எப்படியும் சென்னைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. புதிய வீடு விலைக்கு எட்டுவதில்லை. ஆகவே குரோம்பேட்டை, நங்கநல்லூர், மடிப்பாக்கம் போன்ற இடங்களில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுந்த மூன்று மாடிக் கட்டடங்களின் மீது கண் விழுகிறது. தண்ணீர் வருகிறதா, சுவரில் விரிசல் உண்டா, ரயில் நிலையம் எத்தனை தொலைவு என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ‘இதில் நாம் எதை வாங்குகிறோம்?’ என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. விந்தையாகத் தோன்றும் அக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் தனித்ததொரு வரலாறு இருக்கிறது. அதைப் பற்றியது இந்த நீண்ட பதிவு.

முதலில் ஹட் பே. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கான 1966ஆம் ஆண்டின் நிலவருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குவிதி, தீவுகளின் நிலம் முழுவதும் இந்திய அரசுக்கே உரியது என்ற அடிப்படையிலிருந்து தொடங்குகிறது. நெடுங்காலம் குடியிருந்ததாலோ, ஒருவர் மற்றொருவருக்கு எழுதிக் கொடுத்ததாலோ மட்டும் நிலத்தின் மேல் உரிமை பிறந்துவிடாது; அரசு வழங்கினால்தான் உண்டு. இந்தச் சட்டப் புனைவுக்கு அடியில் இன்னொரு வரலாறு புதைந்திருக்கிறது. சின்ன அந்தமான் முழுவதும் ஒங்கே மக்களின் தீவு. 1957இல் அது பழங்குடிக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மறுவாழ்வுத் துறை சார்பில் 1965இல் வெளிவந்த அறிக்கை இத்தீவைக் குடியேற்றத்துக்குத் தக்கதெனப் பரிந்துரைத்தது. 1970களில் காப்பகத்தின் ஒரு பகுதி விலக்கப்பட்டு, கிழக்கு வங்க அகதிகளுக்கும் பிறருக்கும் நேதாஜி நகர், ராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம், ரவீந்திர நகர் முதலிய குடியிருப்புகள் உருவாயின. கார் நிக்கோபாரிலிருந்து வந்தவர்கள் ஹர்மிந்தர் பேயில் குடியமர்த்தப்பட்டனர். ஆக, இங்கே நிலம் என்பது அரசு ‘கொடுத்தது’; வீடு என்பது குடியேறியவர் தம் கையால் ‘கட்டியது’. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்த வீடும் அரசு கொடுப்பதாயிற்று: முதலில் தகரக் கொட்டகைகள், பின்னர் நிரந்தரக் குடியிருப்புகள். நிலத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கட்டடத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் தீவுவாசிகளிடம் இருப்பதாக நான் கருதுவதற்கு இந்த வரலாறே காரணம்.

சென்னையில் நிலைமை நேர் எதிரானது. அங்கே 1980களில் விற்கப்பட்ட ஓர் அடுக்ககத்தின் முதல் விற்பனைப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பல பத்திரங்களில் வீடே இருக்காது. முதல் அட்டவணையில் மொத்த மனையின் நான்கு எல்லைகள் இருக்கும்: வடக்கே இன்னார் மனை, தெற்கே இருபதடிச் சாலை என்ற வழக்கமான வருணனை. இரண்டாம் அட்டவணையில், அந்த மனையில் ‘பிரிபடாத பாகம்’ இத்தனை சதுர அடி என்றிருக்கும். பத்திரம் அதோடு முடிந்துவிடும். எந்த மாடி, எத்தனை அறை, எந்தப் பக்கம் வாசல் என்பதெல்லாம் கட்டுநரோடு தனியே செய்துகொண்ட கட்டுமான ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தம் அக்காலத்தில் பெரும்பாலும் பதிவு செய்யப்படுவதில்லை. சட்டத்தின் கண்ணுக்குப் பதினாறு பேர் சேர்ந்து ஒரு காலி மனையை வாங்கி, பிறகு ஒரே ஒப்பந்தக்காரரைக் கொண்டு தத்தமக்கு வீடு கட்டிக்கொண்டார்கள் என்பதே பொருள். பத்திரம் எழுதும் நாளில் கட்டடம் பாதி எழும்பி நின்றாலும் கதை இதுதான்.

முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தச் செய்த தந்திரம் இது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவோர் உண்டு. நிலத்தின் பாகத்துக்கு மட்டும் தீர்வை கட்டினால் போதும், கட்டடத்துக்கு வேண்டாம் என்ற கணக்கு நிச்சயமாக இருந்தது. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது. அந்தரத்தில் நிற்கும் ஒரு வீட்டை விற்பதற்கு ஏற்ற சட்ட வடிவம் அன்றைய தமிழ்நாட்டில் இல்லை. நிலத்துக்கு உரியவரே அதன் மேலுள்ளதற்கும் உரியவர் என்ற பழைய ஆங்கிலேய நிலக்கோட்பாட்டின் நிழலில்தான் நமது சொத்துரிமைச் சிந்தனை வளர்ந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் நிலம், வீடு, கூட்டுரிமை ஆகியவற்றைப் பேசுகிறது. தரையைத் தொடாத ஒரு வீட்டைத் தனிச் சொத்தாக நிறுத்தி, அதன் சுவர்களையும் படிக்கட்டையும் மொட்டை மாடியையும் யார் பொறுப்பில் விடுவது என்று பேசுவதில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகின் பல நகரங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதே முட்டுச்சந்தில் நின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இல் அடுக்குரிமைச் சட்டம் இயற்றியது. சிங்கப்பூர் 1967இல் அதைப் பின்பற்றியது. ஜப்பான் 1962இல் கட்டடப் பிரிவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பம்பாய்க்கு வேறொரு வழி முன்பே கிடைத்திருந்தது. காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் 1915இல் பதிவானது முதற்கொண்டு, நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில், உறுப்பினருக்குப் பங்கும் குடியிருப்பு உரிமையும் என்ற ஏற்பாடு அங்கே வேரூன்றிவிட்டது. பின்னர் 1963இலும் 1970இலும் மகாராஷ்டிரம் தனிச் சட்டங்களையும் இயற்றியது.

சென்னையிலும் வலுவான கூட்டுறவு வீட்டுவசதி இயக்கம் இருந்தது. அடையாறு காந்தி நகர் அதன் கொடைகளில் ஒன்று. ஆனால் சென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் நிலத்தை மனைகளாகப் பிரித்து உறுப்பினர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதைத் தம் கடமையாகக் கருதின. மனை கைக்கு வந்ததும் சங்கத்தின் வேலை முடிந்தது. ‘வீடு’ என்று தனியே சொல்லாமல் ‘வீடு, மனை’ என்று சேர்த்தே சொல்லும் ஊர் இது. மனை இல்லாத வீட்டை நினைத்துப்பார்ப்பதே கடினமாக இருந்திருக்கும். சென்னை நகர் மேம்பாட்டு அறக்கட்டளையின் வழிவந்த தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தபின் அண்ணா நகர், அசோக் நகர், பெசன்ட் நகர் என்று நகரை விரித்தபோது மனைகளோடு மூன்று மாடி அடுக்ககங்களையும் கட்டியது. தவணை முறையில் ஒதுக்கீடு பெற்றவர் கடைசித் தவணை கட்டியதும் விற்பனைப் பத்திரம் பெற்றார். நடுத்தர வகுப்பினரில் பலர் மேல்மாடியில் சொந்த வீடு என்ற எண்ணத்துக்குப் பழகியது அரசு கட்டிய இந்த மாடிகளில்தான்.

தனியார் கட்டுநர்கள் 1970களின் பிற்பகுதியில் களம் இறங்கினர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய பங்களாக்களின் வருவாய் சுருங்கியிருந்தது. 1978ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் பெருமனைக்காரர்களை அச்சுறுத்திக்கொண்டிருந்தது. வாரிசுகள் பலராகப் பெருகிய குடும்பங்களுக்குத் தோட்டத்தோடு கூடிய வீட்டை வைத்துக்கொள்வதைவிட, கட்டுநரிடம் கொடுத்து ஆளுக்கொரு வீடும் கொஞ்சம் பணமும் பெறுவது எளிதாகத் தோன்றியது. இங்கேதான் ‘பிரிபடாத பாகம்’ என்ற சொல் நுழைகிறது.

அச்சொல் புதிதாக ஆக்கப்பட்டதன்று. அது இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தின் சொல். அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை செய்துகொள்ளாதவரை ஒவ்வொருவருக்கும் உள்ளது பிரிபடாத பாகம். இதில் சென்னைக்கென ஒரு தனிச் சிறப்பும் உண்டு. மிதாட்சர முறையைப் பின்பற்றிய ஐக்கிய மாகாணத்தில், கூட்டுக்குடும்பப் பங்காளி ஒருவர் மற்றவர்களின் இசைவின்றித் தம் பிரிபடாத பாகத்தை விற்க முடியாது. சென்னையிலும் பம்பாயிலும் உயர் நீதிமன்றங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேறு வழியில் சென்றன: விலைக்கு விற்பதாயின் விற்கலாம். வாங்கிய வெளியாள் குடும்பத்தில் பங்காளி ஆகிவிடமாட்டார். ஆனால் பாகப்பிரிவினை கோரி வழக்காடும் உரிமை அவருக்கு உண்டு. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத, எல்லை வகுக்கப்படாத ஒரு பங்கை விற்பதும் வாங்குவதும் சென்னைப் பத்திர எழுத்தர்களுக்கு நூறாண்டுப் பழக்கம். அடுக்ககம் வந்தபோது அவர்களின் கை இயல்பாக அந்த வாசகத்துக்குப் போனது என்பது என் ஊகம். பம்பாய்க்கும் அதே சட்ட மரபு இருந்தும் அங்கே இது வேரூன்றாததற்குக் கூட்டுறவுச் சங்கம் ஏற்கெனவே இருந்ததே காரணமாகலாம்.

கடன் வாங்கிய சொல் தன் பழைய வீட்டு நினைவுகளையும் கொண்டுவந்தது. பதினாறு அந்நியக் குடும்பங்களைச் சட்டம் பங்காளிகளாக்கியது. தமிழில் ‘பங்காளி’ என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது பாசம் மட்டுமன்று, பகையும்தான். கூட்டுக்குடும்பத்துக்குக் கர்த்தா ஒருவர் உண்டு. கூரை ஒழுகினால் அவர் செலவு செய்வார். ஒத்துவராத தம்பி பிரித்துக்கொடு என்று கேட்டு வெளியேறலாம். அடுக்ககப் பங்காளிகளுக்குக் கர்த்தாவும் இல்லை, பிரித்துக்கொள்ளவும் வழியில்லை. மூன்றாம் மாடிக்காரர் தம் அறுநூறு சதுர அடியைக் கல் நட்டுப் பிரித்துக்கொண்டு போய்விட முடியுமா? வெளியேற ஒரே வழி விற்பதுதான். விற்கும்போது அவருடைய இடத்தில் வந்து உட்காருபவரைத்தான் ‘பழைய ஃப்ளாட் வாங்குபவர்’ என்கிறோம்.

கர்த்தாவின் இடத்தை நிரப்பக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் வந்தன. அவை பெரும்பாலும் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. இசைச் சபாவும் விளையாட்டு மன்றமும் பதிவாகும் அதே சட்டம். நிலமும் கட்டடமும் சங்கத்துக்குச் சொந்தமில்லை. உறுப்பினர் ஆகமாட்டேன் என்பவரைக் கட்டாயப்படுத்தும் வலுவும் குறைவு. மாதப் பராமரிப்புத் தொகை காவலாளிக்கும் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் சரியாகப் போய்விடும். இருபதாண்டு கழித்துக் கழிவுநீர்க் குழாயை மாற்ற வேண்டி வரும் என்று இன்றே சேமிக்கும் வழக்கம் அரிது. தமிழ்நாடு 1994இல் அடுக்கக உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி 1997இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது ஏட்டிலேயே பெரிதும் தங்கிவிட்டது. பத்திர எழுத்தர்களும் வங்கிகளும் கட்டுநர்களும் பிரிபடாத பாகத்திலேயே தொடர்ந்து இயங்கினர்.

ஜப்பானை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க 1955இல் அமைந்த ஜப்பான் வீட்டுவசதிக் கழகம், புறநகர்களில் ‘தாஞ்சி’ எனப்பட்ட நான்கைந்து மாடித் தொகுப்பு வீடுகளைக் கட்டிக் குவித்தது. நம் வீட்டுவசதி வாரியத்தின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். 1962ஆம் ஆண்டுச் சட்டத்தோடு, தனி வீடுகளை விலைக்கு வாங்கும் வழக்கமும் பரவியது. அத்தகைய அடுக்ககத்துக்கு ‘மான்ஷன்’ என்று பெயர். மாளிகை என்ற பொருளுடைய சொல்லைச் சின்னஞ்சிறு வீடுகளுக்குச் சூட்டிய விளம்பரக்காரர்கள் உலகெங்கும் ஒரே சாதி போலும்.

1983இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. வீட்டையும் அதற்குரிய நிலவுரிமையையும் பிரித்து விற்கக் கூடாது என்பது ஒன்று. வீட்டை வாங்கிய கணத்திலேயே, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒருவர் அக்கட்டடத்தின் நிர்வாக அமைப்பில் உறுப்பினராகிவிடுகிறார் என்பது மற்றொன்று. மாதந்தோறும் நிர்வாகக் கட்டணத்தோடு பழுதுபார்ப்புச் சேமிப்பும் செலுத்த வேண்டும். வெளிச்சுவர், கூரை, குழாய் ஆகியவற்றுக்குப் பல்லாண்டுத் திட்டம் இருக்கும். எனவே டோக்கியோப் புறநகரில் பழைய மான்ஷன் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தச் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். மான்ஷனை வாங்கும்போது அதன் நிர்வாகத்தை வாங்கு என்பது அங்கே வழக்கிலுள்ள அறிவுரை. அடுத்த கேள்வி, கட்டட அனுமதி 1981 ஜூன் மாதத்துக்கு முந்தியதா பிந்தியதா என்பது. 1978 மியாகி நிலநடுக்கத்துக்குப் பின் வகுக்கப்பட்ட புதிய அதிர்வுத் தாங்குவிதிகள் அம்மாதம் முதல் நடப்புக்கு வந்தன. அந்த ஒரு தேதி அங்கே வீட்டுச் சந்தையையே இரண்டாகப் பிளந்து நிற்கிறது.

சென்னையில் அத்தகைய கோடு இல்லை. கட்டடம் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்விக்கு நம் சந்தை சொல்லும் பதில்: ‘யு.டி.எஸ். எவ்வளவு?’ நிலத்தின் பாகம் பெரிதாக இருந்தால் கட்டடம் எப்படிப் போனால் என்ன, என்றாவது இடித்துக் கட்டும்போது கணக்கு நேராகிவிடும் என்பது அதன் உட்பொருள். சுவரைப் பழுதுபார்க்கச் செலவிடுவது வீண் என்ற மனநிலை இங்கிருந்தே பிறக்கிறது. உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர், கடற்காற்று, சிக்கனமாகப் பூசிய சிமெண்டு ஆகியவற்றோடு இந்த மனநிலையும் சேர்ந்துதான் கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 1993இல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் மண்ணோடு மண்ணாயின. விரிசலைக் கண்டு முன்னரே வெளியேறியதால் மக்கள் உயிர் தப்பினர். கட்டி முடிந்து முப்பதாண்டுகூட ஆகியிருக்கவில்லை. அது அரசு ஏழைகளுக்குக் கட்டிய வீடு; தனியார் அடுக்ககத்தோடு ஒப்பிடலாகாது என்று சிலர் சொல்லக்கூடும். சிமெண்டுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

இடித்துக் கட்டினால் கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியானது? எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். நான்கு கிரவுண்டு மனை, அதாவது 9,600 சதுர அடி. தளப்பரப்புக் குறியீடு 1.5 என்றிருந்த காலத்தில் அதில் 14,400 சதுர அடி கட்டலாம். தலா 900 சதுர அடியில் 16 வீடுகள். ஒவ்வொருவரின் பிரிபடாத பாகம் 600 சதுர அடி. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அக்குறியீட்டை 2 ஆக உயர்த்தின. இப்போது இடித்துக் கட்டினால் 19,200 சதுர அடி கிடைக்கும். பழைய உரிமையாளர்களுக்கு அவர்களின் 14,400 சதுர அடியைத் திருப்பிக் கொடுத்தபின் கட்டுநருக்கு எஞ்சுவது 4,800. அவர் விற்கும் ஒவ்வொரு சதுர அடியும் நான்கு சதுர அடி கட்டும் செலவைத் தாங்கவேண்டும். அதன் மேல் ஈராண்டு, மூவாண்டு காலம் 16 குடும்பங்களுக்கும் வாடகை, அனுமதிக் கட்டணம், தம் ஆதாயம். பெசன்ட் நகரிலும் அண்ணா நகரிலும் விற்பனை விலை அதைத் தாங்கும். புறநகரில் பெரும்பாலும் தாங்காது. சாலை அகலமாக இருந்தால் கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு வாங்கலாம்; ஆனால் நாம் பேசும் கட்டடங்கள் இருபது, முப்பதடிச் சாலைகளில்தான் நிற்கின்றன. அதாவது, எந்தப் புறநகரில் நடுத்தரக் குடும்பங்கள் யு.டி.எஸ்.ஸை நம்பிப் பழைய வீட்டை வாங்குகின்றனவோ, அந்தப் புறநகரில்தான் அந்த நம்பிக்கைக்கு மிகக் குறைந்த அடிப்படை இருக்கிறது.

மேலதிகமாகக் கட்டப்பட்ட தளங்களின் கதை இன்னும் மோசம். அனுமதியை மீறி எழுந்த கட்டடங்களை வரன்முறைப்படுத்தத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28ஆம் நாளுக்கு முன் கட்டியவற்றுக்கு அது பொருந்தியது. அனுமதி மூன்று மாடிக்கு, நிற்பதோ நான்கு மாடி என்ற கட்டடத்தில் குறியீடு ஏற்கெனவே 2ஐ எட்டியிருக்கும். அங்கே மறுகட்டுமானத்தில் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. நான்காம் மாடிக்காரருக்கு நிலத்தில் பாகமே எழுதப்படாமல் போனதும் உண்டு. கட்டுநர் தம் கையில் வைத்துக்கொண்ட பாகத்தைப் பிறகு வேறொருவருக்கு விற்றதும் உண்டு. வாங்க நினைப்பவர் தம் வீட்டுப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வில்லங்கச் சான்றிதழை மொத்த மனைக்கும் எடுத்து, பதினாறு பேரின் பாகங்களையும் கூட்டிப் பார்க்கவேண்டும். கூட்டுத்தொகை 9,600ஐத் தாண்டினாலும் குறைந்தாலும் எங்கோ ஒரு கதை ஒளிந்திருக்கிறது. முதல் பத்திரத்தில் வீடே இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் பதிவாகாத அந்தக் கட்டுமான ஒப்பந்தத்தின் மூலப் பிரதியையும் கேட்டுப் பெறவேண்டும். வாகன நிறுத்துமிடமும் மொட்டை மாடி உரிமையும் சில கட்டடங்களில் அந்த ஒரு தாளில் மட்டுமே வாழ்கின்றன.

ஜப்பானிலும் இடித்துக் கட்டுவது எளிதாக நடந்துவிடவில்லை. டோக்கியோவின் மேற்குப் புறநகரான தாமா புதுநகரில் 1971இல் குடியேற்றம் தொடங்கியது. அதன் முதல் பகுதிகளுள் ஒன்றான சுவா இரண்டாம் வட்டாரத்தில், மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்கள் 23, வீடுகள் 640. குடியேறியவர்கள் முதியவர்கள் ஆனபோது மாடிப்படிகளே அவர்களுக்குச் சிறையாயின. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பேசிப் பேசி, 2010இல் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் இசைந்து தீர்மானம் நிறைவேறியது. 2013இல் 1,249 வீடுகளோடு புதிய தொகுப்பு எழுந்தது. 640 என்பது 1,249 ஆக முடிந்ததால்தான் அது நடந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். பழைய தாஞ்சிகள் பரந்த திறந்தவெளியோடு, நிலத்தைக் குறைவாகப் பயன்படுத்திக் கட்டப்பட்டவை. நம் வீட்டுவசதி வாரியத்தின் பழைய அடுக்ககங்களுக்கு இன்று கட்டுநர்கள் முண்டியடிப்பதும் அதே காரணத்தால்தான். நிலத்தை முழுமையாகப் பயன்படுத்திவிட்ட பிற்காலத் தனியார் கட்டடங்களுக்கு அந்த வாய்ப்பு இரு நாடுகளிலும் அரிது. வீடுகள் மூப்படைந்து, இசைவு தர ஆளே கிடைக்காத நிலை பெருகவே, 2025இல் ஜப்பான் தன் சட்டத்தை மீண்டும் திருத்தி, அதிர்வுத் தாங்குதிறன் குறைந்த கட்டடங்கள் போன்றவற்றுக்கு ஐந்தில் நான்கு என்ற வரம்பை நான்கில் மூன்றாகத் தளர்த்தியது.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டம் இந்தப் பின்னணியில் வந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிய அது, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவு போதும் என்பது அதன் முதன்மையான மாற்றம். அதுவரை ஒவ்வொருவரும் கையெழுத்திடவேண்டும் என்பதே நடைமுறை. பிரிபடாத பாகம் என்ற கோட்பாட்டின் தவிர்க்க முடியாத விளைவு அது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளியின் பாகத்தை மற்றவர்கள் எப்படி விற்க முடியும்? ஒரே ஒருவர் மறுத்ததால் இடிபாட்டு நிலையில் ஆண்டுக்கணக்கில் நின்ற கட்டடங்கள் சென்னையில் உண்டு. அந்த வகையில் சட்டம் தேவையானதே.

ஆயினும் எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினர் யார் என்று பார்க்கவேண்டும். 16 வீடுகளில் 11 பேர் இசைந்தால் போதும். மீதமுள்ள ஐவர் பெரும்பாலும் யார்? கட்டடம் எழுந்த நாளிலிருந்து அங்கேயே இருந்து மூப்படைந்தவர்கள். கீழ்த்தளத்தில் இருப்பதாலேயே வெளியே நடமாட முடிபவர்கள். மூன்றாண்டு வாடகை வீட்டில் இருந்துவிட்டு உயிரோடு திரும்பி வருவோமா என்று அஞ்சுபவர்கள். இசைவு தரும் பதினொருவரில் பலர் அங்கே குடியிருப்பதே இல்லை. வாடகைக்கு விட்டிருப்பார்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பியிருப்பார்கள். வாடகைக்குக் குடியிருப்பவரோ கணக்கிலேயே இல்லை. ஜப்பான் ஐந்தில் நான்கிலிருந்து படிப்படியாக இறங்க நாற்பதாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. நாம் அனைவரின் இசைவிலிருந்து மூன்றில் இரண்டுக்கு ஒரே தாவலில் வந்திருக்கிறோம். அவ்வளவு இறங்கியது சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. குறைந்தது, குடியிருக்கும் உரிமையாளரின் வாக்கையும் குடியிராதவரின் வாக்கையும் ஒரே எடையாகக் கொள்வது விவாதிக்கப்படவேண்டிய ஒன்று.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல், புதிய அடுக்ககங்களின் முதல் விற்பனையில், நிலத்தின் பாகத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே கூட்டு மதிப்பில் பத்திரம் பதியும் முறையைப் பதிவுத்துறை கொண்டுவந்தது. நாற்பதாண்டுகளாகப் பத்திரத்துக்கு வெளியே நின்ற வீடு உள்ளே வந்துவிட்டது. சட்ட வரலாற்று மாணவர்கள் இந்த நகர்வைக் கவனிக்கவேண்டும். பிரிபடாத பாகத்தில் தொங்கிக்கொண்டிருந்த வீடு, மெல்ல மெல்லத் தானே ஒரு சொத்தாக உருப்பெறுகிறது. ஆனால் இது புதிய கட்டடங்களுக்கு. 1985இலும் 1992இலும் எழுதப்பட்ட பத்திரங்கள் அப்படியேதான் இருக்கின்றன. இன்று ஹட் பேயிலிருந்தோ மதுரையிலிருந்தோ குவைத்திலிருந்தோ ஒருவர் தம் சேமிப்பைக் கொண்டுபோய் வாங்குவது அந்தப் பத்திரங்களின் தொடர்ச்சியைத்தான். அதிலுள்ள பதினாறு பாகங்களில் எத்தனை இன்னும் முதல் உரிமையாளர் பெயரில் இருக்கின்றன, எத்தனை வாரிசுகளுக்குள் மேலும் பிரிபடாமல் சிதறியிருக்கின்றன என்பதை அவர் கேட்டறிய வேண்டியிருக்கும். ஏனெனில் மூன்றில் இரண்டு என்று எண்ணத் தொடங்கும் நாளில், இறந்துபோன ஒருவரின் நான்கு பிள்ளைகள் ஒரே வாக்கில் கையெழுத்திட வேண்டும். அவர்களுக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருக்கவும் கூடும்.